கடிதமும் மரப்பெட்டியும் ஒரே கையில்: ஊர் சுற்றும் கலைச் சேகரிப்பாளருக்கான நிர்வாகச் சேவை தேறுமா?

சேகரிப்பாளர் ஒரு ஊரில் கண்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் ஏலத்தில் எடுத்த ஓவியம் வேறொரு ஊர்க் கிடங்கில் வாடகை ஏற்றிக்கொண்டு நிற்கும். அதற்கான அசல் சான்றிதழ் மூன்றாவது ஊரில் பிரிக்கப்படாத உறைக்குள் கிடக்கும். இந்த மூன்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மாதச் சந்தாவுக்கு வரும் சேவைகளைத்தான் இங்கே எடை போடுகிறோம். ஒரு முகவரி தருவார்கள், வரும் தபாலை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், கேலரிக்கும் ஏல நிறுவனத்துக்கும் பதில் எழுதுவார்கள். ஓவியத்தை எடுப்பது, பேக் செய்வது, கஸ்டம்ஸில் விடுவிப்பது, கிடங்கில் வைப்பது, வீட்டில் மாட்டுவது வரை ஆள் பிடித்துக் கொடுப்பார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தபால் பகுதி பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். சரக்குப் பகுதி அவர்கள் யாருக்கு உள்குத்தகை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சந்தாத் தொகைக்கும் அதன் தரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பணம் கொடுக்க ஒரே நியாயமான காரணம் இரண்டும் ஒரே பதிவேட்டில் இணைந்திருப்பதுதான். தபால் பார்ப்பவர் ஒரு மேசையிலும் ஷிப்பிங் பார்ப்பவர் இன்னொரு மேசையிலும் உட்கார்ந்து, நடுவில் நீங்களே மெயிலை ஃபார்வர்டு செய்ய வேண்டியிருந்தால், தனியாக ஒரு தபால் சேவையும் தனியாக ஒரு கலைப்பொருள் ஷிப்பரும் வைத்துக்கொள்வது மேல்.

ஆகவே சேருவதற்கு முன் கேட்க வேண்டியது மாதிரிப் பதிவேடு. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு எண் இருக்க வேண்டும். ஆண்டும் வரிசை எண்ணும் போதும், 2025-014 என்பதுபோல. இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, படைப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கை, புகைப்படங்கள், முன்னாள் உரிமையாளர் விவரம், ஏற்றுமதி அனுமதி, ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது), இன்சூரன்ஸ் சான்று, இப்போது எந்தக் கிடங்கில் எந்த அலமாரியில் என்பது வரை எல்லாமே அந்த எண்ணில் தொங்க வேண்டும். அளவைச் சென்டிமீட்டரில் ஃப்ரேமோடு ஒரு முறை, ஃப்ரேம் இல்லாமல் ஒரு முறை எழுத வேண்டும். பொருளை அடையாளம் காட்டும் விவரங்களுக்கு 1997-ல் அமெரிக்கக் கலை நிறுவனமான கெட்டி அமைப்பு வெளியிட்ட ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற தர வரையறை இருக்கிறது. திருட்டுப் போனால் போலீசும் இன்சூரன்ஸும் கேட்கும் விவரங்கள் அதில் அடக்கம். படைப்பின் மேல் உள்ள கையெழுத்து, முத்திரை, பின்பக்க லேபிள், பழைய கீறல் எல்லாம் அதில் வரும். பின்பக்கத்தைப் படமெடுக்காத பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

சில சேவைகள் அழகான ஆப் ஒன்றைக் காட்டும். சிறுபடங்கள் வரிசையாக நகரும், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதில் கஸ்டம்ஸ் குறியீட்டு எண், படைப்பு உருவான நாடு, உருவான ஆண்டு மூன்றுக்கும் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ஃபோட்டோ ஆல்பம். இந்த மூன்றும் இல்லாவிட்டால் பெட்டி கஸ்டம்ஸில் சிக்கிக்கொள்ளலாம். கையால் வரைந்த ஓவியம் 9701, மூல அச்சோவியம் 9702, மூலச் சிற்பம் 9703, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள் 9706 என்று சர்வதேசக் குறியீட்டின் 97-ஆம் அத்தியாயம் பிரித்து வைத்திருக்கிறது. ஷிப்பிங் எழுத்தர் அவசரத்தில் ‘அலங்காரப் படம்’ என்று எழுதிவிட்டால் சரக்கு வேறு அத்தியாயத்துக்குப் போய், வேறு வரி விழும். புகைப்படக் கலைக்கு இன்னும் கவனம் தேவை. அது 49-ஆம் அத்தியாயத்தில் போய் உட்காரும். ஃப்ரேமும் தொல்லை தரும். படத்துக்கு ஏற்ற ரகமும் மதிப்பும் உள்ள ஃப்ரேம் படத்தோடு சேர்ந்தே கணக்காகும்; அப்படி அல்லாத ஃப்ரேம் தனியாகக் கணக்காகும்.

தபால் பகுதிக்கு வருவோம். நல்ல சேவை உறையின் வெளிப்புறத்தை அன்றே ஸ்கேன் செய்து அனுப்பும். பிரிக்கலாமா, அப்படியே அனுப்பலாமா, அழிக்கலாமா என்று நீங்கள் சொல்வீர்கள். இதில் மறைந்திருக்கும் கண்ணி, பல சேவைகளில் ஸ்கேன் செய்த காகிதம் குறிப்பிட்ட நாள் கழித்துத் தானாகவே அழிப்புப் பெட்டிக்குப் போகும்படி அமைத்திருப்பதுதான். மின்கட்டண ரசீதுக்கு அது சரி. கலைஞர் கையெழுத்திட்ட அசல் நம்பகச் சான்றிதழும் இதே மெல்லிய உறையில்தான் வரும். அதன் ஸ்கேன் மறுவிற்பனையில் செல்லாது, பல கலைஞர்களின் அறக்கட்டளைகள் இரண்டாம் பிரதியும் தருவதில்லை. சேர்ந்த முதல் நாளே அந்தத் தானியங்கி அழிப்பை நிறுத்தி வையுங்கள். சான்றிதழ், ஏற்றுமதி அனுமதி, கார்னே (பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோகும் கஸ்டம்ஸ் ஆவணம்), சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) காகிதம், கஸ்டம்ஸ் கட்டண ரசீது ஆகிய ஐந்தும் எந்த நிலையிலும் அழிக்கப்படக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். கஸ்டம்ஸ் ரசீது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படைப்பு பிறகு வெளியே போய்த் திரும்பி வரும்போது, ஏற்கெனவே வரி கட்டியது என்று காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

ஏல நிறுவனத்துக் கடிதங்களை முதலில் பிரிக்க வேண்டும். பணம் கட்டும் கெடு, பொருளை எடுக்கும் கெடு என்று இரண்டு தேதிகள் அதில் இருக்கும். இரண்டாவதைத் தாண்டினால் கிடங்கு வாடகை ஓட ஆரம்பிக்கும். பொருளுக்கான பொறுப்பு எந்த நாளில் வாங்கியவர் தலைக்கு மாறுகிறது என்பதும் விற்பனை நிபந்தனையில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த நாளிலிருந்து உங்கள் இன்சூரன்ஸ் தொடங்கியாக வேண்டும். அருங்காட்சியகம் இரவல் கேட்டு எழுதும் கடிதத்தை அழைப்பிதழ்க் கட்டோடு சேர்த்து வைக்கும் சேவைகள் உண்டு. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன் கட்டட வசதி அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஈரப்பதம், ஒளி, காவல் மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆள் இருந்தால் சந்தா கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம்.

கடிதப் போக்குவரத்தில் பெரிய நஷ்டம் வருவது போலி இன்வாய்ஸில்தான். கேலரியின் மெயிலுக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான இன்வாய்ஸ் போன மறுநாள், அதே நடையில், அதே கையெழுத்துப் பகுதியோடு ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு மெயில் வரும். முகவரியை உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும், ஃபோன் திரையில் கண்டுபிடிக்கவே முடியாது. கேலரியின் கணக்கே களவு போயிருந்தால் முகவரியிலும் பிசகு இருக்காது. ஆகவே சேவையின் நடைமுறை இப்படி இருக்க வேண்டும்: கணக்கு எண் மாறினால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய பதிவில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து, தெரிந்த ஆளின் குரலில் உறுதி செய்வது, பிறகு ஒரு சிறு தொகை அனுப்பி, கிடைத்ததா என்று மறுபடி ஃபோனில் கேட்பது, அதற்கும் பிறகே முழுத் தொகை. புதிய கணக்குக்குப் பணம் அனுப்பும் அதிகாரம் சேவையிடம் தனியாக இருக்கவே கூடாது. ‘அவசரம்னா நாங்களே அனுப்பிடுவோம் சார்’ என்று பெருமையாகச் சொல்லும் சேவையிலிருந்து அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

சரக்குப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது கொட்டேஷன். எடையைப் பார்க்காதீர்கள், பெட்டியின் வெளியளவைப் பாருங்கள். விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வரும் எடை, உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். கூரியரில் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். ஃப்ரேமோடு 120-க்கு 90 செ.மீ. உள்ள ஓவியத்துக்கு 150 × 120 × 30 அளவில் பெட்டி செய்தால் 90 கிலோவுக்குக் கட்டணம். உண்மையில் அது 45 கிலோதான் இருக்கும். அதே பெட்டியை 40 செ.மீ. தடிமனில் செய்தால் 120 கிலோ. பத்து சென்டிமீட்டர் நுரைக்கு முப்பது கிலோ கட்டணம்! அந்த நுரை தேவைதானா என்று கேட்க வேண்டியது உங்கள் சார்பில் உட்கார்ந்திருக்கும் சேவை. நல்ல சேவை கேட்கும். கமிஷனில் ஓடுவது கேட்காது. உயரத்தையும் கவனிக்க வேண்டும்: பெட்டி நிமிர்ந்த நிலையில் சுமார் 160 செ.மீ. தாண்டினால் பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் ஏறாது, சரக்கு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். படுக்க வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கேன்வாஸ் தன் எடையாலேயே தொய்ந்து அதிரும்.

பேக்கிங் எப்படி என்று ஒரு படத்தை அனுப்பச் சொல்லுங்கள், பெட்டியை மூடுவதற்கு முன். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் ஓவியத்தை நோக்கி இருந்தால், வெயிலில் நின்ற வண்டியில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். குமிழ் வெளியே, அதற்கும் உள்ளே கிளாசின் என்ற வழவழப்பான தாளோ சிலிக்கன் பூச்சுத் தாளோ இருக்க வேண்டும். கண்ணாடி போட்ட படமென்றால், உடைந்தால் சில்லு சிதறாதபடி கண்ணாடி மேல் டேப் ஒட்டுவார்கள். ஆனால் அக்ரிலிக் மேலும், பிரதிபலிப்பு தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி மேலும் டேப் படவே கூடாது. உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரியாததால் பாழான கண்ணாடிகள் எத்தனையோ. மூடியை ஆணியால் அடிக்காமல் போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும். கஸ்டம்ஸ் திறக்கச் சொன்னால் கடப்பாரை வேண்டியிருக்கக் கூடாது.

மரத்துக்கு ஒரு விதி இருக்கிறது. மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தர விதிப்படி, பேக்கிங் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்.டி.’ (வெப்பமூட்டப்பட்டது) எழுத்தும் குத்தப்பட்டிருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. இங்கேதான் சறுக்குகிறார்கள்: பெட்டி பிளைவுட், ஆகவே முத்திரை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள், அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய வைத்த இரண்டு கட்டைகள் பச்சை பைன் மரம். துறைமுகத்தில் அந்த இரண்டு கட்டைக்காக முழுப் பெட்டியும் நிற்கும், புகையூட்டு, திருப்பி அனுப்பு என்று இழுக்கும். புகையூட்டும் மருந்து ஓவியத்துக்கு நல்லதல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வந்து சேர்ந்ததும் ஆவலில் திறக்கும் வழக்கத்தைச் சேவை தடுக்க வேண்டும். விமான அடித்தளக் குளிரிலிருந்து வந்த பெட்டியை உடனே திறந்தால் உள்ளே நீர் படியும். மூடிய பெட்டி அறையில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதிர்வு காட்டும் ஸ்டிக்கர் சிவப்பாகியிருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். டெலிவரி ரசீதில் ‘அதிர்வுக் குறி சிவப்பு, பரிசோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது’ என்று எழுதி, படமெடுத்து, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டால், நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

வெப்பமும் ஈரப்பதமும் பதியும் டேட்டா லாகர் ஒன்றைப் பெட்டிக்குள் வைப்பதாகச் சில சேவைகள் விளம்பரம் செய்கின்றன. நல்ல விஷயம்தான். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் போதும். பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிசோ குழு தந்த, அருங்காட்சியகங்கள் இப்போது பரவலாக ஏற்கும் வழிகாட்டி, ஈரப்பதம் 40-இலிருந்து 60 சதவீதம், வெப்பம் 16-இலிருந்து 25 டிகிரி என்கிறது. ஒரு நாளில் ஈரப்பதம் பத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. அந்த வரைபடத்தை உங்களுக்கு அனுப்புகிறார்களா, கேட்டால்தான் தேடுகிறார்களா என்பதில் தரம் தெரிந்துவிடும்.

2021 நடுவிலிருந்து, சர்வதேச விமானச் சரக்கு முழுவதும், சரக்கு விமானத்தில் போவது உட்பட, பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். ஷிப்பர் ‘அறியப்பட்ட அனுப்புநர்’ என்று அங்கீகாரம் பெற்றிருந்தால் தன் கிடங்கிலேயே கண்காணிப்பில் பேக் செய்து முத்திரை வைக்கலாம். இல்லையென்றால் விமான நிலையத்தில் எக்ஸ்ரே. பெட்டி பெரியதாக இருந்து எக்ஸ்ரேயில் நுழையாவிட்டால், கலைப்பொருளைத் தொட்டுப் பழகாதவர் திறந்து பார்ப்பார். சேவையின் உள்குத்தகைக்காரருக்கு இந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பது கட்டாயக் கேள்வி. பதில் இழுத்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிகமாக ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பும் படைப்புகளுக்கு ஏ.டி.ஏ. கார்னே. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிறந்தது, வர்த்தகச் சபைகள் மூலம் கிடைக்கும், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பச்சை அட்டை, புறப்படும் நாட்டுக்கும் திரும்பி நுழைவதற்கும் மஞ்சள் தாள், போகும் நாட்டில் நுழையவும் வெளியேறவும் வெள்ளை, கடந்து செல்ல மட்டும் நீலம். பட்டியலில் உள்ள பொருளைப் பிறகு நீக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. விற்றுவிட்டால் அந்த நாட்டு வரியைக் கட்டியாக வேண்டும். எல்லா நாடுகளும் கார்னேயை ஏற்பதில்லை என்பதால் வழியில் வரும் ஒவ்வொரு நாட்டையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வெளியேறும் நாளில் கஸ்டம்ஸ் கவுன்டர் மூடியிருக்கும், விமானத்துக்கு நேரமாகிவிடும், வெள்ளைத் தாளில் வெளியேறும் முத்திரை விழாது. பொருள் பத்திரமாக வீட்டில் மாட்டியிருக்கும். கார்னே காலாவதியாகி ஓராண்டு வரை, ‘பொருள் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, வரி கட்டு’ என்று அந்த நாட்டிலிருந்து கோரிக்கை வரலாம். அதனால் நல்ல சேவை பயணம் முடிந்த வாரமே ஒவ்வொரு தாளின் அடிக்கட்டையையும் ஸ்கேன் செய்து முத்திரைகளை எண்ணும். முத்திரை விடுபட்டால், திரும்பி நுழைந்த நாட்டின் முத்திரை முதல் ஆதாரமாக உதவும். இரண்டும் விடுபட்டால் பாடு திண்டாட்டம்தான்.

1975-இலிருந்து நடைமுறையில் உள்ள சைட்டிஸ் ஒப்பந்தம் விலங்குக் காட்சிசாலைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃப்ரேமில் தந்தம் பதித்த வேலை, பெட்டியில் கடலாமை ஓடு, நாற்காலியில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தால் அனுமதி இல்லாமல் நகர்த்தக் கூடாது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. பழையது என்பது விலக்கு அல்ல, பழையது என்று நிரூபிக்கும் சான்று வேண்டும். பதிவேட்டில் ‘பொருள்’ என்ற கட்டத்தில் ‘மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த எச்சரிக்கை எழவே எழாது.

இன்சூரன்ஸில், ‘விமான நிறுவனமே பொறுப்பேற்கும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, மதிப்பைத் தனியாக அறிவித்து அதற்கான கட்டணத்தைக் கட்டாத சரக்குக்குக் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மட்டுமே, 2024 டிசம்பர் 28-க்கு முன் 22. மேலே சொன்ன 45 கிலோ பெட்டிக்கு 1170 எஸ்.டி.ஆர்., உள்ளே என்ன இருந்தாலும் அவ்வளவுதான். ஆகவே சுவரிலிருந்து சுவர் வரை காக்கும் பாலிசி, ஒப்புக்கொண்ட மதிப்பில் இருக்க வேண்டும். சேவை தன் பொதுப் பாலிசியில் உங்களைச் சேர்ப்பதாகச் சொன்னால், இழப்பீடு யார் பெயருக்கு வரும், ஒவ்வொரு பயணத்தையும் கிளம்புவதற்கு முன் அறிவித்தாக வேண்டுமா என்று கேளுங்கள். அறிவிக்க மறந்த பயணம் காப்பீடு இல்லாத பயணம். பொருளின் சொந்தக் குறையால் வரும் சேதம், மெதுவான தேய்வு இரண்டும் எந்தப் பாலிசியிலும் அநேகமாக விலக்கு. பெயின்ட் உரிந்தால் அது குலுக்கலாலா, ஏற்கெனவே தளர்ந்திருந்ததா என்ற சண்டை வரும். அந்தச் சண்டையை முடித்துவைப்பது கிளம்புவதற்கு முன் பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்கள். விமானச் சரக்கில் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க, சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள், தாமதத்துக்கு 21 நாள். ஊரில் இல்லாத சேகரிப்பாளருக்குப் பெட்டி திறக்கப்படாமலேயே 14 நாள் ஓடிவிடும். நீங்கள் இல்லாவிட்டாலும் மூன்றாம் நாளுக்குள் திறந்து அறிக்கை தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பில்லைப் பற்றிக் கொஞ்சம். சந்தா சிறியதாகத் தெரியும். வரியை முன்பணமாகக் கட்டியதற்குக் கட்டணம், காத்திருப்பு, மறு டெலிவரி, கிடங்கில் ஒரு நாள் வைத்தாலும் ஒரு மாத வாடகை என்று வால் நீளும். விற்பவர் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ (தன் இடத்திலேயே ஒப்படைப்பது) நிபந்தனையில் தந்தால் ஏற்றுமதி க்ளியரன்ஸும் வாங்குபவர் தலையில் விழும். வெளிநாட்டவர் பெயரில் அதைச் செய்ய முடியாத நாடுகளில் சரக்கு அங்கேயே உட்காரும். ஏற்றுமதி க்ளியரன்ஸை விற்பவரே பார்க்கும் ‘எஃப்.சி.ஏ.’ என்று மாற்றச் சொல்லி ஒரு மெயில் போட்டாலே போதும், அதைச் செய்யாத சேவைகள்தான் அதிகம்.

பாதுகாப்பில் சின்னக் குறைகள். பெட்டிமேல் கலைஞர் பெயரை எழுதுகிறார்கள். பதிவேட்டு எண் மட்டும் போதும். ‘உரிமையாளர் இந்த மாதம் முழுதும் வெளியூர்’ என்று டிரைவருக்கே மெயில் போகிறது. அதிகாரப் பத்திரத்தையும் பொதுவாகக் கொடுத்துவிடாமல், கஸ்டம்ஸ் விடுவிப்புக்கு மட்டும், தேதி வரம்போடு கொடுங்கள்.

ஆண்டுக்கு நான்கைந்து படைப்பு மட்டும் நகரும் சேகரிப்பாளருக்கு இது அதிகப்படி. நல்ல ஷிப்பர் ஒருவரும், வீட்டில் ஒழுங்காகப் பதிவேடு வைக்க ஒருவரும் போதும். இரவல், கண்காட்சி, ஏலம் என்று மாதாமாதம் பெட்டி நகர்ந்துகொண்டே இருப்பவருக்குத் தகும், மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் வந்தால். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசியாக, விலகுவது எப்படி என்றும் கேட்டுவிடுங்கள்: பதிவேடு முழுவதும் எக்செல் கோப்பாகவும் படங்கள் முழு அளவிலும் எத்தனை நாளில் கைக்கு வரும், அசல் காகிதங்கள் யார் பொறுப்பில் திரும்பும், அவர்கள் கிடங்கில் கிடக்கும் காலிப் பெட்டிகள் யாருடையவை என்று. அந்தப் பெட்டிகள் உங்கள் காசில் உங்கள் படைப்பின் அளவுக்குச் செய்தவை. சொல்லிவைக்காவிட்டால் அடுத்த வாடிக்கையாளருக்கு வெட்டித் தைத்துவிடுவார்கள்.